கலியாண எழுத்தும் குடியியல் உரிமையும்

திருமணம் ஒரு குடியியல் உரிமையா என்னும் வினா எமது காலத்தில் மீண்டும் கூர்மையடைந்துள்ளது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், தன்பாலினத்தாரின் உறவைக் குற்றமாகக் கொள்ளும் தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகளைத் திருத்துவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று இலங்கை உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள், திருமணம் செய்துகொள்வதற்கான அடிப்படை உரிமை எதுவும் அரசியலமைப்பில் இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஐவரும் ஒருமித்துக் கூறினர். இவ்விரு செய்திகளும் யாழ்ப்பாணத்துப் படித்த வட்டங்களில் எழுப்பிய சலசலப்பு இருவகைப்பட்டது. ஒரு சாரார், "இது எங்கள் பண்பாடன்று" என்றனர். மற்றொரு சாரார், எமக்கு அணுக்கமானவர்கள், "இது எங்கள் போராட்டமன்று" என்றனர். முதற் சாராரின் கூற்று புதியதன்று. அதற்கு விடையும் பழையதே. இரண்டாஞ் சாராருடன்தான் நாம் இங்கு வாதிட விரும்புகிறோம். அவர்கள் பேசுவது எமது கொள்கையின் பெயரால்.

அவர்களுடைய வாதத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்துரைப்பதே நேர்மையாகும். 1884இல் ஏங்கெல்ஸ் எழுதிய 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' என்னும் நூலை அவர்கள் சான்று காட்டுகின்றனர். ஒருதார மணம் காதலிலிருந்து பிறந்ததன்று, சொத்தை உரிய வாரிசிடம் ஒப்படைக்கும் தேவையிலிருந்து பிறந்தது என்பது அந்நூலின் கருத்து. இதனை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. சீதனக் காணியும் வீடும் நகையும் பேசி, 'டொனேசன்' என்ற புதுப்பெயரில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காசும் எண்ணிக் கொடுக்கும் ஊரில், கலியாணம் ஒரு சொத்துப் பரிமாற்றம் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அத்தகைய நிறுவனத்துக்குள் நுழைவதற்கு உரிமை கேட்பது விலங்குக்கு வரிசையில் நிற்பது போன்றதன்றோ என்பது அவர்களது வினா. வேலையின்மையும் காணிப் பிரச்சினையும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரது கண்ணீரும் இருக்க, ஒரு சிலரது திருமணம் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்றும் சேர்த்துக் கேட்கின்றனர்.

இவ்வினாவுக்கு வெளிநாட்டு நூல்களிலிருந்து விடை தேடுமுன், எமது மண்ணின் வழக்கொன்றை நோக்குவோம். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'எழுத்து' என்று ஒரு சொல் உண்டு. "பெட்டைக்கு எழுத்து முடிஞ்சுது" என்று ஒரு தாய் சொன்னால், அவள் மகளது திருமணம் பதிவுகாரர் முன்னிலையில் பதியப்பட்டுவிட்டது என்பது பொருள். சட்டத்தின் கண்ணில் அவள் அன்றே மனைவி. ஊரின் கண்ணில் அல்லள். தாலி ஏறும்வரை அவள் தாய்வீட்டிலேதான் இருப்பாள். நல்ல குடும்பம் எனப் பெயரெடுத்த குடும்பங்களில் எழுத்து என்பது முன்னேற்பாடு, ஒரு கடுதாசி வேலை. வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்க உதவும் அத்தாட்சி என்பதற்கு மேல் அதற்கு அங்கு மதிப்பில்லை.

ஆயின் வீடு கதவடைத்த இருவருக்கு அதே எழுத்து வேறொரு பொருள் தருகிறது. பதிவுகாரரின் மேசைமுன் ஐயர் தேவையில்லை, மேளம் தேவையில்லை, தாய்மாமன் தேவையில்லை. முழுவயதை எட்டிய இருவரும் சாட்சிகள் இருவரும் போதும். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் நெருங்கிய இரத்த உறவை விலக்கியது; முந்திய மணம் நிலைத்திருப்பதை விலக்கியது; வயதைப் பார்த்தது. இருவரது சாதியும் ஒத்திருக்க வேண்டுமென்று அது எவ்விடத்தும் கேட்கவில்லை. குடியேற்ற ஆட்சியாளர் எமது சாதியை ஒழிக்கும் நோக்குடன் அதனை இயற்றினர் என்று நாம் கருதவில்லை. சொத்து வழக்குகளுக்கு ஒழுங்கான ஆவணம் வேண்டும் என்பதே அவர்களுக்கு முதன்மையாக இருந்திருக்கும். எனினும் எவர் எந்நோக்கத்துடன் செய்த கதவாயினும், அதன் வழியே வெளியேறியவர்கள் உண்டு. சாதி மாறிக் காதலித்து, இரு வீட்டாரும் கைவிட, நண்பர் இருவரைச் சாட்சிக்கு அழைத்துச்சென்று எழுத்து முடித்தவர்கள் இக்குடாநாட்டின் எல்லாக் கிராமத்திலும் இருக்கின்றனர். அவர்களைப் பார்த்து, நீங்கள் சொத்துடைமைச் சமுதாயத்தின் விலங்கை வரிசையில் நின்று வாங்கினீர்கள் என்று எந்த முற்போக்காளரும் சொல்லத் துணியார்.

எமது பழைய சட்டத்தைத் திறந்து பார்த்தால் இவ்விடயம் மேலும் துலங்கும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழமைகளைத் தொகுத்தார். முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்த்துச் சரியென ஒப்புக்கொண்டனர். பிரித்தானியர் 1806இல் அதற்குச் சட்ட வலு அளித்தனர். அதுவே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று சொற்களும் எமது சட்டத்தரணிகளின் நாவில் இன்றும் புரள்வது அத்தொகுப்பின் வழியே. அந்நூலைப் பெருமையுடன் எடுத்துப் பேசுவோர், அதே நூலில் அடிமைகளுக்கென ஒரு பகுதி இருந்ததைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என நான்கு வகுப்பினரை அது அடிமைகளாக வகுத்தது. அடிமை ஆணும் அடிமைப் பெண்ணும் கூடிப் பெற்ற பிள்ளைகள் பெண்ணின் எசமானுக்கே உரியவர் என்றது.

இவ்விதியின் பொருளைச் சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேற்சாதியாரின் வீட்டிலே திருமணம் சொத்தை ஒழுங்குபடுத்தியது. அடிமையின் குடிசையிலே பிள்ளையே சொத்தாயிற்று. தகப்பன் என்ற உறவுக்கு அங்கே சட்டத்தில் எந்தப் பயனுமில்லை. கணவன், மனைவி, பெற்றோர் என்ற சொற்களைச் சட்டம் சிலருக்கு மட்டும் வழங்கிப் பிறருக்கு மறுக்குமாயின், மறுக்கப்பட்டவர் முழு மனிதராக எண்ணப்படவில்லை என்பதே அதன் கருத்து. 1844இல் இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. அதனோடு, அம்மக்களின் மனைவியர் மனைவியராகவும் பிள்ளைகள் அவர்தம் பிள்ளைகளாகவும் ஆயினர். இதனைச் சொத்துடைமையாளரின் சலுகை என்று எவர் இகழ்வார்? உரிமை மறுக்கப்பட்டவன் பக்கத்தில் நின்று பார்க்கும்போது திருமணம் காட்டும் முகம் வேறு.

இனிச் சுன்னாகத்துக்கு வருவோம். 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள், சாதி ஒடுக்குமுறைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்ட இடம் இது. பொலிசாரின் தடியடியையும் மீறி அவ்வூர்வலம் யாழ்ப்பாண முற்றவெளி வரை சென்று கூட்டமாகத் திரண்டது, நா. சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சியினர் முன்னின்று நடத்திய அந்நிகழ்ச்சியே பின்வந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களுக்கும் ஆலயப் பிரவேசங்களுக்கும் வாயில் திறந்தது. அதன் அடிப்படையில் எழுந்த கோரிக்கைகள் எளிமையானவை: கடையில் சமமான குவளை, கோயிலில் சமமான வாசல், பொதுக்கிணற்றில் தண்ணீர். 1957இல் இயற்றப்பட்டும் ஏட்டளவில் கிடந்த சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் அவற்றைத்தான் முன்னரே உறுதிசெய்திருந்தது.

அச்சட்டம் திருமணத்தைத் தொடவில்லை. தொடவும் இயலாது, எவரையும் எவருக்கும் மணம்முடித்து வைக்கச் சட்டத்தால் ஆகாது. ஆனால் சாதி எங்கே குடியிருக்கிறது என்பதை ஊர்வலத்தில் நடந்தவர்கள் அறியாதவர்களல்லர். தேநீர்க்கடையிலே ஒரே குவளையில் குடிக்கத் தொடங்கிய இருவர், தத்தம் பிள்ளைகளுக்குச் சாதகம் பார்க்கப் புறப்படும்போது வெவ்வேறு தரகரிடம் போகின்றனர். குவளை மாறி அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. தரகரின் குறிப்பேட்டில் சாதிக்குரிய நிரல் அப்படியே கிடக்கிறது. நாளிதழ்களின் மணமகள் தேவை விளம்பரங்களில் அது கனடாவின் நிரந்தர வதிவிட உரிமையோடு ஒரே வரியில் அச்சாகியதையும் நாம் பார்த்தவர்களே. தமிழ்நாட்டில் 2016இல் உடுமலைப்பேட்டையிலே பட்டப்பகலில் அரிவாள் செய்ததை, எமது ஊரில் பெரும்பாலும் ஒரு வாக்கியம் செய்து முடிக்கிறது: "இனி நீ எங்கட பிள்ளையில்லை."

எமது இலக்கியம் இக்களத்தை எவ்வாறு கண்டது என்பதும் கருதத்தக்கது. ஈழத்தின் முதற் பெண் நாவலாசிரியராக அறியப்படும் மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட 'நொறுங்குண்ட இருதயம்' தவறிய மணவாழ்வில் அல்லலுறும் ஒரு மனைவியின் கதை. இந்துசாதனம் ஆசிரியராக இருந்த ம. வே. திருஞானசம்பந்தபிள்ளை 1920களில் எழுதிய நாவல்களின் பெயர்களைப் பாருங்கள்: 'காசிநாதன் நேசமலர்', 'கோபால நேசரத்தினம்', 'துரைரத்தினம் நேசமணி'. ஒவ்வொன்றும் இரு பெயரின் சேர்க்கை. தலைப்பே ஒரு கலியாண எழுத்துப் போலிருக்கிறது! சமயப் போட்டி மிகுந்த அக்காலத்தில் யார் யாரை மணப்பது என்பதே சமூகத்தின் பெரிய வினாவாக இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான அடையாளம் தேவையில்லை. பின்வந்த முற்போக்கு எழுத்தாளர்கள் களத்தை மாற்றினர். செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்' 1965இலும், கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இலும் வெளிவந்தன. வயலும் கிணறும் கோயில் வீதியும் தேநீர்க்கடையும் அவற்றின் வழியே இலக்கியத்துக்குள் வந்தன. இது பெரிய சாதனை. அதனைக் குறைத்துரைப்பது எமது நோக்கமன்று. எனினும் எமது முற்போக்குக் கதைகளைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு குறை தென்படுகிறது. சாதி மாறிய காதல் அங்கே அடிக்கடி வருகிறது. ஆனால் அது கிணற்றிலோ, கொழும்பு ரயிலிலோ, ஓர் உணர்ச்சிமிக்க சொற்பொழிவிலோ முடிந்துவிடுகிறது. எழுத்து முடித்து அதே ஊரில் வீடெடுத்து, அடுத்த வீட்டாரிடம் சீனி கடன் கேட்டு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப்போய் வாழ்ந்த இணையரைப் பற்றிய கதைகள் அரிது. காதலைப் புரட்சியாகப் போற்றிய எழுத்தாளன், கலியாணத்தைப் பிற்போக்கின் பகுதியாகவே விட்டுவிட்டான். ஈழகேசரி பிறந்த ஊர் சுன்னாகம். கலைச்செல்வி வெளிவந்ததும் இங்கிருந்தே. அத்தகைய ஊரின் வாசகர் இக்குறையைச் சுட்டிக் கேட்கும் தகுதி உடையவர்.

சுன்னாகத்து ஊர்வலத்துக்கு எட்டு மாதங்களின் பின், 1967 ஜூன் 12ஆம் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றம் லவிங் எதிர் வேர்ஜீனியா என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. வெள்ளையர் ஒருவரும் கறுப்பினப் பெண் ஒருவரும் 1958இல் வோஷிங்டன் நகரில் மணந்து தம் ஊருக்குத் திரும்பியபோது கைதாயினர். ஓராண்டுச் சிறை, ஆனால் 25 ஆண்டுகள் மாநிலத்துக்குள் சேர்ந்து வராதிருந்தால் சிறை இல்லை என்றார் அங்கிருந்த நீதிபதி. கடவுள் இனங்களை வெவ்வேறு கண்டங்களில் வைத்தது கலக்காதிருக்கவே என்பது அவர் கண்ட நியாயம். மனிதரின் அடிப்படையான குடியியல் உரிமைகளுள் ஒன்று திருமணம் எனக் கூறி உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. தீர்ப்பு ஏகமனதானது. அப்போது 16 மாநிலங்களில் அத்தகைய தடைச் சட்டங்கள் இருந்தன. கண்டத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் குறிச்சி என்று வைத்தால், அந்த வேர்ஜீனிய நீதிபதி எமது ஊர்ப் பெரியவர் ஒருவராகவே பேசுகிறார்.

மாவிட்டபுரத்திலும் இதே குரல் கேட்டது. 1968இல் அக்கோயில் வாசலில் நுழைய வந்த மக்களை மறித்து நின்றவர்களுள் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கமும் ஒருவர். வழமை என்பதே அவருடைய கேடயம். வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை போயிற்று. அவரது மேன்முறையீடு தோற்றது. இன்று தன்பாலினத்தாரின் உரிமைக்கு எதிராகக் கூறப்படும் ஒவ்வொரு சொல்லும், பண்பாடு, வழமை, சமயம், குடும்பத்தின் தூய்மை, பிள்ளைகளின் எதிர்காலம் ஆகிய அனைத்தும், அன்று அந்த வாசலில் வேறு மக்களுக்கு எதிராகச் சொல்லப்பட்டவையே. அன்று அச்சொற்களின் பொருளை நன்கறிந்த எம்மவர், இன்று அவற்றைக் கேட்டுத் தலையாட்டுவது விந்தையன்றோ?

பண்பாடு என்று பேசுவோருக்கு ஒரு சிறு நினைவூட்டல். தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம், 365அ பிரிவுகள் விக்ரோரியா மகாராணியார் காலத்து ஆங்கிலேயர் 1883இல் இங்கு கொண்டுவந்த சட்டத்தின் வாரிசுகள். தேசவழமைத் தொகுப்பைச் சரியென ஒப்புக்கொண்ட முதலிமார் பன்னிருவருக்கும் அப்பிரிவுகள் தெரியா. சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றம் அவற்றை நீக்கவில்லை. 1995இல் 365அ பிரிவிலிருந்த 'ஆண்' என்ற சொல்லை எடுத்து 'ஆள்' என்று மாற்றிற்று, பெண்களும் குற்றவாளிகளாயினர். சமத்துவம் சில வேளைகளில் இவ்வாறும் வருகிறது. 2023இல் பிரேம்நாத் டொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தைக் கடந்தும் சட்டமாகவில்லை. 2024 செப்ரெம்பரில் நாடாளுமன்றம் கலைந்தது. அச்சட்டமூலம் எவருக்கும் திருமண உரிமை தரவில்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும். சிறைக்கு அஞ்சாது ஒரு வீட்டில் இருவர் வாழலாம் என்பதே அது கேட்டது. திருமணம் அதற்கு அப்பால், வெகு தொலைவிலுள்ள வாசல்.

இதில் இடதுசாரிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை மறைத்தல் தகாது. 1917 டிசெம்பரில், புரட்சி முடிந்து இரு மாதம் ஆகுமுன்னரே, சோவியத் அரசு தேவாலய மணத்துக்கு இருந்த சட்ட வலுவை நீக்கிக் குடியியல் பதிவை நிறுவியது; மணவிலக்கையும் எளிதாக்கியது. திருமணம் சொத்துடைமைச் சின்னம் என்று லெனின் அதனைத் தள்ளிவைத்துவிட்டு வேறு பணிக்குப் போகவில்லை. 1922இன் குற்றவியற் கோவையில் தன்பாலின உறவு குற்றமாக இடம்பெறவில்லை. 1934இல் ஸ்டாலின் ஆட்சி அதனை மீண்டும் குற்றமாக்கியது. கியூபாவில் 1960களின் நடுப்பகுதியில் தன்பாலினத்தார் உழைப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அதற்கான பொறுப்பைப் பிடல் காஸ்ட்ரோ 2010இல் தாமே ஏற்றார். அதே கியூபாவில் 2022 செப்ரெம்பர் 25ஆம் நாள் குடும்பச் சட்டக்கோவை மக்களின் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வாக்களித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அதனை ஏற்றனர். தன்பாலினத்தாரின் திருமணமும் சட்டமாயிற்று. ஆகவே இது மேற்குநாட்டு முதலாளித்துவம் அனுப்பிய சரக்கு என்ற பேச்சை எம் தோழர்கள் மீள எண்ணிப் பார்த்தல் நன்று.

இந்தியத் தீர்ப்பைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். திருமணம் அரசுக்கு முந்திய சமுதாய நிறுவனம். அரசு அதனைப் படைக்கவில்லை, ஆதலால் அதற்கு உரிமை கோரி நீதிமன்றத்தின் முன் நிற்க இயலாது என்பது பெரும்பான்மை நீதிபதிகள் சென்ற தடத்தின் சாரம். அரசுக்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. சாதியும் அரசுக்கு முந்தியதே, சீதனமும் அவ்வாறே. சமுதாயம் ஒரு நிறுவனத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு சிலரை வெளியே நிறுத்தும்போதுதான் உரிமை என்ற சொல்லே தேவைப்படுகிறது. உள்ளே இருப்பவருக்கு அது தேவையில்லை. அவருக்கு வழமையே போதும். அத்தீர்ப்பின் இக்குறையை நாம் அழுத்திக் கூறுவதன் காரணம், எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலும் மணம்புரியும் உரிமை எழுதப்படவில்லை என்பதே. அதன் 16ஆம் உறுப்புரை, முன்னரே நிலவிய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்கிறது. பழமைக்கு இதைவிட உறுதியான வேலி எவரும் கட்டியதில்லை. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தன் வரைவிலக்கணத்திலேயே இரு முஸ்லிம்களுக்கிடையிலான திருமணத்தை வெளியே நிறுத்தியது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ மணமகளின் கையொப்பத்தையே வேண்டவில்லை. அச்சமூகத்துப் பெண்கள் நெடுங்காலமாக இதனை எதிர்த்துக் குரல் கொடுத்து வந்துள்ளமையையும் எமது வட்டங்கள் போதியளவு கேட்கவில்லை.

தோழர்களின் வாதத்தில் உண்மையே இல்லையா? உண்டு. திருமண உரிமையைப் பெற்றவர் பெற்றதென்ன என்று கேட்பது நியாயமான கேள்வியே. அதற்கும் யாழ்ப்பாணத்திலேயே சான்று இருக்கிறது. 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரிமைவழிக் கட்டளைச் சட்டம், மனைவியின் தனிச்சொத்து அவளுடையதே என்று ஒரு கையால் கொடுத்தது. மறு கையால், அசையாச் சொத்தைக் கணவனது எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் விற்கவோ ஈடுவைக்கவோ ஆகாது என்று பறித்தது. மனைவியின் சம்மதமின்றித் தன் சொத்தை விற்கக் கணவனுக்கு அத்தகைய தடை வைக்கப்படவில்லை. தேசவழமைக்கு உட்படாத ஒருவனை மணந்த யாழ்ப்பாணத்துப் பெண் அம்மணம் நீடிக்கும்வரை தேசவழமையின் பிடியிலிருந்து விலகுவாள். தேசவழமைக்கு உட்பட்டவனை மணந்த வெளியூர்ப் பெண் அதன் பிடிக்குள் வருவாள். அவளது சட்டம் எது என்பதே அவன் யார் என்பதைப் பொறுத்தது.

போர்க்காலத்தில் இப்பிரிவு எத்தகைய கொடுமையாயிற்று என்பதை எண்ணுக. கணவன் எங்கே என்று தெரியாத பெண், தாய் தந்த சீதனக் காணியில் ஒரு துண்டை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பிக்க முயல்கிறாள். நொத்தாரிசு கணவனின் கையொப்பம் எங்கே என்று கேட்கிறார். கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் சம்மதம் வழங்கலாம் என்று அதே சட்டம் வழி சொன்னது உண்மையே. ஆனால் அதற்கு வழக்கு வேண்டும், சட்டத்தரணி வேண்டும், காசு வேண்டும். காசில்லாமையால்தான் அவள் காணியை ஈடுவைக்கவே வந்தாள். தோழர்கள் விலங்கு என்று கூறுவது இதனையாயின், நாமும் அவ்வாறே கூறுகிறோம். ஆயின் இதிலிருந்து பெறப்படும் முடிவு யாது? 1911இன் அப்பிரிவை உடைக்க வேண்டும் என்பதா, அல்லது இன்னும் உள்ளே வராதவர்களை வெளியே நிறுத்திவைக்க வேண்டும் என்பதா? தோழர்கள் இரண்டாவதை எடுக்கின்றனர். நோய் பிடித்த வீட்டைச் செப்பனிடாமல், வீடற்றவனை நோக்கி நீ அதிர்ஷ்டசாலி என்கின்றனர்.

தமிழ்நாட்டுச் சுயமரியாதை இயக்கம் இவ்விரண்டையும் ஒருங்கே பற்றிப் போராடியது. தாலியும் புரோகிதரும் அற்ற திருமணங்களை அவ்வியக்கம் 1920களின் இறுதியிலிருந்து நடத்திவந்தது. அவை சட்டப்படி செல்லாதென நீதிமன்றம் கூறியபோதும் நிறுத்தவில்லை. அண்ணாதுரை அரசின் காலத்தில் 1967இல் நிறைவேறிய திருத்தம், உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ செய்த திருமணங்களை ஏற்றது. முன்னர் நடந்தவற்றுக்கும் சேர்த்தே செல்லுபடி தந்தது. சடங்கை உடைத்தவர்கள் சட்ட ஏற்பையும் விட்டுக்கொடுக்கவில்லை. மணமக்களைச் செல்லாதவர்களாக்கி அவர்களின் பிள்ளைகளை வழக்கு மன்றத்தில் நிறுத்திப் புரட்சி செய்வதற்கு அவர்கள் விரும்பவில்லை. இதனை எம் இளைஞர் கருதிப் பார்த்தல் வேண்டும்.

அதே மண்ணில், 2019 ஏப்ரலில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மற்றொரு படி ஏறியது. தூத்துக்குடிக் கோயிலொன்றில் ஓர் ஆணை மணந்த திருநங்கையின் திருமணத்தைப் பதிய அலுவலர் மறுத்திருந்தார். இந்துத் திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் கூறிப் பதியுமாறு பணித்தார். ஒரு சொல்லின் பொருள் விரிந்தது, அவ்வளவே. இலங்கையின் திருமணப் பதிவுத் தாளில் ஆண் தரப்பு, பெண் தரப்பு என்று இரு நிரல்கள் உள்ளன. 2016இல் வந்த சுற்றறிக்கைகளின் வழியே பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றவர் தம் பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ளலாம் என்றாயிற்று. அவ்வாறு திருத்தியவர் எந்த நிரலில் ஒப்பமிடுவார் என்ற வினா யாழ்ப்பாணத்துப் பதிவுகாரர் ஒருவரின் மேசைக்கும் ஒருநாள் வரும்.

2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் கூறிய மற்றொன்றையும் இங்கு சேர்த்துரைப்போம். தன் துணையான பெண்ணை அவளது பெற்றோர் அடைத்து வைத்துள்ளனர் என்று ஒரு பெண் ஆட்கொணர்வு மனுவுடன் வந்தாள். நீதிபதிகள் அடைக்கப்பட்டிருந்தவளை விடுவித்தனர். தன்பாலினத்தாரின் திருமணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லையாயினும், குடும்பம் அமைப்பதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்தைச் சட்டம் அறியும் என்றும் அவர்கள் கூறினர். பிறப்பித்தவர்கள் பூட்டிய கதவைத் திறக்க நீதிமன்றம் பயன்படுத்திய திறவுகோல் இது. யாழ்ப்பாணத்தில் எழுத்துக்கு முன், ஏழை மக்களிடையே சோறு கொடுத்தல் என்றொரு வழக்கம் இருந்தது: அவள் சோறு பரிமாறுவாள், அவன் உண்பான், ஊர் அறியும், அதுவே கலியாணம். கூடிவாழ்ந்தமையும் ஊரறிந்தமையும் கொண்டே வழக்காற்றுத் திருமணங்களை எமது நீதிமன்றுகள் பிற்காலத்திலும் ஏற்றுவந்தன. சட்டம் குறித்து எழுதும் எம் நண்பர்கள், சென்னைத் தீர்ப்பை இந்த வழக்குகளோடு வைத்துப் படிப்பார்களாயின், அடுத்த சட்டமூலம் வரும்போது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு அனுப்பும் மனுவில் எழுதுவதற்கு அவர்களிடம் சொந்தச் சரக்கே போதிய அளவு இருக்கும்.